வட்டத்துக்கு நடுவில் சந்தனம்

செப்டம்பர் 27, சனி

காலையிலிருந்து சாரல். வெயில் எட்டிப் பார்ப்பதும் ஓடுவதுமாக ஒரு நாள். துவைத்த துணி எதுவும் காயவில்லை.

லென்ஸை ஜன்னலோரம் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சுத்தம். ஒரே ஒரு தூசி, அதுவும் வெளிப்பக்கம். ஊதினேன், போய்விட்டது. தினமும் இப்படிப் பார்ப்பது ஒரு வியாதி என்கிறான் அண்ணன். இருந்துவிட்டுப் போகட்டும். அவன் தினமும் பைக்கைத் துடைக்கிறானே, அது என்னவாம்.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அண்ணனின் சட்டம் மறுபடியும் வாசிக்கப்பட்டது.

"இந்த லென்ஸும் போச்சுன்னா பொறவு அவுட்டோர் கிவுட்டோர் ஒண்ணும் வேண்டாம், கேட்டியா? கோட்டாத்துல அண்ணாச்சி ஸ்டுடியோவுல எடம் இருக்கு. ஃபேனுக்கு கீழ இருந்து பாஸ்போர்ட் போட்டோ எடு. மானமா இருக்கலாம்."

அம்மா ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கலக்க அதில் ஒன்றும் இல்லை. அண்ணன் பேசும்போது அவளுக்கு ஒரு கரண்டி தேவைப்படும்.

அந்த ஸ்டுடியோவில் நாலு வருஷம் இருந்தாயிற்று. ஒரு நீலத் திரை, ஒரு ஸ்டூல், "தாடைய கொஞ்சம் தூக்குங்க". திரும்பிப் போகமாட்டேன். எழுதி வைக்கிறேன், போகமாட்டேன்.

முதல் லென்ஸ் போன கதையையும் எழுதி வைக்கிறேன், வயிற்றெரிச்சல் தீர. போன வருஷம் ஆடி மழையில் எனக்கு டெங்கு. படுத்த படுக்கை. "பத்திரமா இருக்கட்டும்" என்று அண்ணன் லென்ஸைத் தோல் பைக்குள் போட்டு, மேலே துணி சுற்றி, இரும்பு பீரோவில் அம்மாவின் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினான். கூடவே பாச்சை உருண்டை. நான் எழுந்து நடமாடி, சாவி வாங்கித் திறந்து பார்த்தால் உள்கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக நூல். பூஞ்சை. காற்றும் வெளிச்சமும் படாத ஈரத்தில் வளர்வது. இனி சரிசெய்ய முடியாது என்று ரிப்பேர் கடையில் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுத் தீர்ப்பு என்ன? "கடல்காத்து அரிச்சிட்டு." வழக்கு முடிந்தது. அப்பீல் கிடையாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

நல்ல வெயில். அம்மா மாடியில் நெல் காயப்போட்டாள். தூசிக்குப் பயந்து கேமராவைத் துணிக்குள் வைத்தேன். சாயங்காலம் நினைவாக வெளியே எடுத்தேன்.

கருங்கல் ஊரிலிருந்து ஒரு போன். பெனிட்டா என்று ஒரு பெண். நாளைக்குச் சர்ச்சில் கல்யாணம்.

"அக்கா, புதன்கிழம உங்களுக்கு ஒழிவு உண்டா?"

"என்னத்துக்கு?"

"கடல்ல போட்டோ எடுக்கணும். வியாழக்கிழம அவரு மஸ்கட் போறாரு. பொறவு ஒரு வருஷம் கழிச்சுதான் லீவு. அதுவர எனக்கு பாத்துட்டு இருக்கதுக்கு கொஞ்சம் நல்ல படம் வேணும்."

கல்யாணத்தை எடுப்பது கோட்டாறு அண்ணாச்சிதானாம். ஆனால் புதன் ஆயுத பூசை, கேமராவைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கேட்ட ஸ்டுடியோ எல்லாம் அதே பதில். செவ்வாய் மறுவீட்டு விருந்து. மிச்சம் புதன்தான். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

வாறேன் என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது, எங்கள் வீட்டுக்கும் அதே புதன்கிழமைதான்.

எங்கள் வழக்கம்: அஷ்டமி, அதாவது செவ்வாய் சாயங்காலம், ஏடும் ஆயுதமும் பூசைக்கு வைத்தால், வியாழன் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். இடையில் தொட்டால் குற்றம். என்ன குற்றம், யாருக்குக் குற்றம் என்று கேட்டால் அது தனிக் குற்றம்.

பெனிட்டாவின் குரல் நினைவில் நிற்கிறது. ஒரு வருஷம் பார்த்துக்கொண்டிருக்க ஒரு படம். இதைவிட நல்ல காரணம் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

காற்று எப்படி என்று பார்க்க இராஜாக்கமங்கலம் கடற்கரைக்குப் போனேன். பஸ்ஸில் முன் சீட்டில் ஒருவர் இன்னொருவரிடம்: "காத்துன்னா உங்க வீட்டு எங்க வீட்டு காத்தா? நேத்து எனக்க தோள்ல கெடந்த துவர்த்து போன வழி தெரியல்ல."

உண்மைதான். கரையில் நின்றால் மணல் முழங்கால் உயரத்துக்கு ஓடுகிறது. அதற்கு மேல் அதிகம் இல்லை. எனவே உட்கார்ந்து எடுக்கக் கூடாது. அலை ஓரத்து ஈர மணல் பறக்காது, ஆனால் அங்கே உப்புத் துளி. ஒன்றுக்குத் தப்பினால் இன்னொன்று.

புதனுக்கு எடுத்துப்போக வேண்டியவை:

– ஃபில்டர். லென்ஸுக்கு முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்கிக்கொள்ளும் கண்ணாடி. வீட்டுக்கு மூத்த மருமகள் மாதிரி.
– ஹூட் (லென்ஸுக்கு நீட்டிய விளிம்பு, தொப்பி மாதிரி)
– ப்ளோயர் (முதலில் ஊதல், பிறகுதான் துணி. மாற்றிச் செய்தால் மணல் அரம் ஆகிவிடும்)
– முகப்பவுடர் பிரஷ், புதிது. முகத்தில் படாதது.
– மெல்லிய துணி மூன்று, தனித்தனிக் கவரில்
– பெரிய பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்ட் (நாளை நாகர்கோவிலில் வாங்க)
– செருப்புப் பெட்டியில் கிடந்த, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள்
– குடிதண்ணீர். எனக்கில்லை, உப்புக்கு.

மணலில் நின்று லென்ஸ் மாற்றக் கூடாது. என்னிடம் இருப்பதே ஒன்று, எனவே அந்தக் கவலை இல்லை. இல்லாமைக்கும் ஒரு லாபம் உண்டு.

திரும்பி வந்து தெருவில் நுழையும்போது காதில் விழுந்தது. மேலவீட்டு அத்தை மதிலுக்கு அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம்.

"வேணிய காணல்லியே. எங்க போயிருக்கா?"

"டவுனுக்கு. ஏதோ வாங்கணும்னா."

என் தலை முழுக்க மணல். அத்தை என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், போய்விட்டாள். எப்போதும் இதேதான். நான் கடற்கரைக்குப் போனால் அம்மாவுக்கு அது டவுன். வயல் பக்கம் போனால் கோயில். கேமராவைக் காய்கறிப் பைக்குள் வைத்துத்தான் தெருவைக் கடக்க வேண்டும் என்பதும் அவள் உத்தரவு. தூசிக்காக என்பாள். தூசிக்காக இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வெக்கை. இலை அசையவில்லை. இன்றைக்குக் கடலில் எடுத்திருந்தால் எவ்வளவு சுகம்.

காலையில் ஒரு வழி தோன்றியது. பூஞ்சை பிடித்த பழைய லென்ஸைப் பூசைக்கு வைத்துவிடலாம், நல்லதை நான் வைத்துக்கொள்ளலாம். அம்மாவிடம் கேட்டேன்.

"செத்த சாமானையா சாமிக்கு வைக்கது? ஒனக்கு புத்தி கித்தி கெட்டு போச்சா?"

"பீரோவுல வச்சு கொன்னது ஆரு?"

"வாய அடக்குட்டி."

கேமராவைக் கட்டிலுக்கு அடியில் பையில் வைத்துவிட்டு நாகர்கோவில் போனேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். கவர், ரப்பர் பேண்ட் வாங்கினேன். கோட்டாறு வழியாக வந்தேன். அண்ணாச்சியின் ஸ்டுடியோ வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு நீதான் போறியாமே?"

"ஆமா அண்ணாச்சி."

"தொழில் தெய்வம்லா. ஒரு நாளு அது ஓய்வெடுக்கண்டாமா?"

"நேத்து சர்ச்சுல நீங்க கேமராவ ஓய்வில்லாம ஓட்டுனீங்களே, அப்ப கேட்டிருக்கலாம்" என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தால் பூசைப் பலகையில் அண்ணனின் கணக்குப் புத்தகம், அம்மாவின் அரிவாள், பக்கத்தில் என் கேமரா. மூடி இல்லை. கண்ணாடிக்கு நேர் நடுவில் அப்பிய சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"எம்மா, இதுல யாரு சந்தனம் வச்சது?"

"நாந்தான். நெத்தி எதுன்னு தெரியல்ல. வட்டத்துக்கு நடுவுல வச்சேன். லட்சணமாத்தானே இருக்கு?"

கோபத்தின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அது வேறு எரிச்சல். நல்ல வேளை, ஃபில்டர் மாட்டியிருந்தது. இல்லாவிட்டால் அந்தச் சந்தனக் கட்டி நேராக லென்ஸின் முகத்தில். இத்தனை நாள் கடலும் மணலும் செய்யாததை எங்கள் வீட்டுப் பக்தி ஒரு விரலில் செய்திருக்கும்.

நாளைக்கு வேலை இருக்கிறது, கேமரா வேண்டும் என்றேன். அண்ணன் பலகைக்கு முன்னால் வந்து நின்றான்.

"பூசைல வச்சத எடுத்து இந்த வீட்டுல பழக்கமில்ல. அந்த பிள்ளைட்ட முடியாதுன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்."

"அப்ப எடுத்துரு, பாக்கேன்."

"பாரு."

எனக்குச் சரஸ்வதியிடம் பயம் இல்லை. காலண்டரில் இருப்பவளைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். வீணை மடியில் இருக்கிறது, விரல் தந்தியில் இருக்கிறது. ஒரு காலண்டரிலும் வீணை உறைக்குள் இல்லை.

அக்டோபர் 1, புதன்

மத்தியானம். அவசரம்.

குளித்துவிட்டு, அண்ணன் வெளியே போன நேரம் பார்த்துப் பூசை அறைக்குள் போனேன். விளக்கு ஏற்றியிருந்தது. ஃபில்டரை ஓரத்தில் மட்டும் பிடித்து, சந்தனத்தில் விரல் படாமல், மெதுவாகத் திருகிக் கழற்றினேன். கேமரா இருந்த இடத்தில் ஒரு வெற்றிலை வைத்து அதன்மேல் ஃபில்டரை வைத்தேன். பொட்டு வைத்தது பலகையிலேயே இருக்கிறது. பொட்டு படாததை நான் எடுத்துக்கொண்டேன்.

ஃபில்டரைக் கழுவி எடுத்துப்போயிருக்கலாம். ஆனால் அப்போது பூசையைக் கலைத்தவள் என்று அண்ணன் சொல்வது நிஜமாகிவிடும். அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்கமாட்டேன்.

திரும்பினால் வாசலில் அம்மா, கையில் அரளிப்பூ. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"ஏட்டி, அது முன்னால இல்லாட்டா கண்ணாடிக்கு ஆபத்தில்லியா?"

"உண்டு."

அவ்வளவுதான். நகர்ந்து வழி விட்டாள். தெருவில் பெனிட்டா வீட்டுக் காரின் ஹாரன்.

ராத்திரி. உடம்பு முழுக்க உப்பு.

முதல் சண்டை காரிலேயே. ஏசி முழு வேகத்தில். குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்தால் ஆவி படியும், ஏசியை நிறுத்துங்கள் என்றேன். மாப்பிள்ளை ஜெபினின் தாய்மாமா முன் சீட்டில். "மேக்கப் வேர்வைல ஒலிச்சு போவும் மோளே. மேக்கப்பு முக்கியமா, உனக்க லென்ஸு முக்கியமா?" பின்னாலிருந்து பெனிட்டா: "லென்ஸுதான் மாமா. கண்ணாடிய இறக்குங்க." அந்தப் பெண்ணை எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது.

இராஜாக்கமங்கலத்தில் திங்களைவிடக் காற்று அதிகம். கேமராவுக்குப் பிளாஸ்டிக் கவர் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன், முன் வட்டம் மட்டும் வெளியே. ஹூட் மாட்டினேன். காற்றுக்கு முதுகு காட்டி நின்றேன். முதலில் படகோரம், பிறகு ஈர மணல். ஒவ்வொரு படத்துக்கும் மூடியைத் திற, எடு, மூடு. தாய்மாமா கேலி செய்தார். "இது போட்டோ எடுக்கதா, சாயா செம்ப தெறந்து அடைக்கதா?" ஃபில்டர் இல்லாத லென்ஸ் என்று அவருக்கு யார் சொல்வது.

ஒரு சுழற்காற்று. கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொண்டேன். மணல் முழுவதும் என் கழுத்தில், காதில். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

வெயில் மஞ்சளாக இறங்கியது. அந்த வெளிச்சத்துக்காகத்தான் காத்திருந்தோம். பெனிட்டா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள், ஜெபின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு. நான் மூடியைத் திறந்தேன். எங்கிருந்தோ ஒரு அலை, குறுக்கே கிடந்த பாறையில் மோதிச் சிதறியது. கண்ணாடிக்கு நடுவில் ஒரு துளி. சரியாக, அம்மா சந்தனம் வைத்த அதே இடத்தில்.

தாய்மாமா ஓடி வந்தார். தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து, "இன்னா, துடைச்சு தாறேன்" என்று கையை நீட்டினார். வியர்வையும் மணலும் அப்பிய துவர்த்து. நான் யோசிக்கவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டேன். பலமாகவே.

கல்யாண வீட்டுத் தாய்மாமாவை அடித்த போட்டோகிராபர், மாவட்டத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

"ஒரு துள்ளி வெள்ளத்துக்கா இந்த ஆட்டம்?"

"அது உப்பு மாமா. உங்க துவர்த்துல மணலு. சேத்து தேய்ச்சா எனக்க பொழப்பு தேஞ்சு போவும். ஒதுங்கி நில்லுங்க."

காற்றுக்கு முதுகு காட்டி, உட்காராமல் நின்றபடியே செய்தேன். முதலில் ஊதினேன். பிறகு பிரஷ், தொட்டும் தொடாமலும். துணி நுனியைக் குடிதண்ணீரில் நனைத்து, பிழிந்து, துளியை ஒற்றி எடுத்தேன். அடுத்த துணியால் நடுவிலிருந்து வெளியே, வட்டமாக. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இன்னும் ஒரு உப்புத் தடம். மறுபடியும் முதலிலிருந்து.

"வெயிலு போவுது" என்றார் மாமா. எனக்குத் தெரியும். என் கண் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது. அவசரப்பட்டால் இன்றைய படம் கிடைக்கும், நாளைக்கு லென்ஸ் இருக்காது. அவசரப்படவில்லை.

"சாரமில்ல அக்கா, போனா போவட்டும், நீங்க பைய செய்யுங்க" என்றாள் பெனிட்டா, இடுப்பு வரை நனைந்து நின்றபடி.

நிமிர்ந்தபோது சூரியன் பாதிதான் இருந்தது. மஞ்சள் போய்ச் சிவப்பு. எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை, கேமராவைப் பார்க்கவும் இல்லை. அவனுடைய கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நேரத்தை நிறுத்தி வைப்பது மாதிரி. அந்தப் படம்தான். கேமராத் திரையில் காட்டியபோது தாய்மாமா நெடுநேரம் பார்த்தார். "கொள்ளாம், நல்லாருக்கு" என்றார், கையைத் தடவிக்கொண்டே.

வீடு. வாசலில் நசுங்கிய எலுமிச்சம்பழம். அண்ணன் பைக்குக்குப் பூசை போட்டு, அதே பைக்கில் பொரி வாங்க டவுனுக்குப் போயிருந்தான். வந்ததும் ஆரம்பித்தான். அண்ணாச்சி போன் செய்துவிட்டார் போல.

"பூசைல வச்சத எடுத்திருக்க."

"வச்சது அங்ஙனதான் இருக்கு. போய் பாரு, பொட்டோட. நீ பூச போட்ட பைக்குல ஊர சுத்துனியே, அது ஆயுதம் இல்லியா?"

அவன் லென்ஸைக் கேட்டான். கொடுத்தேன். டார்ச் அடித்து அடித்துப் பார்த்தான். கீறல் தேடினான். இல்லை. முகம் வாடிப்போயிற்று, பாவம்.

"இன்னைக்கு தப்பிச்சிட்ட. இனியாவது பத்திரமா பீரோவுல வை."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பழைய லென்ஸை எடுத்து வந்தேன். அதே டார்ச்சை அவன் கையிலிருந்து வாங்கிப் பின்னாலிருந்து அடித்தேன். வெள்ளை நூல் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது.

"நல்லா பாரு. இது கடலு இல்ல. கடலுக்கு போய்ட்டு வந்த லென்ஸு இந்தா, சுத்தமா இருக்கு. இது உனக்க பீரோ."

"கடல்காத்துதான்" என்றான். ஆனால் மெதுவாக.

பழைய லென்ஸை அவன் பீரோவின் மேல், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டேன். இனி அது அங்கேதான் இருக்கும். எடுக்கச் சொன்னால் எடுக்கமாட்டேன்.

அம்மா இதெல்லாம் நடக்கும்போது சுண்டலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை இல்லை. அது எனக்கு வலித்தது. அண்ணன் பேசுவதைவிட அதிகமாக வலித்தது.

அக்டோபர் 2, வியாழன்

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். வானம் தெளிவு. காற்று சுமார்.

காலையில் பெனிட்டா போன். படங்களை வீடு முழுக்கக் காட்டிவிட்டாளாம். அவள் சித்தி மகளுக்கும் போன வாரம்தான் கல்யாணம், இன்றைக்கே வட்டக்கோட்டைக் கடலோரம் எடுக்க முடியுமா என்று. முடியும். ஜெபின் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பின்னால் பெட்டி இழுக்கும் சத்தம். அவள் அழவில்லை. "போனு திறந்தாலே அந்த படம்தான் அக்கா" என்றாள்.

விஜயதசமிக்குப் பூசை எடுத்தாயிற்று. அண்ணன் கணக்குப் புத்தகத்தில் ஏதோ எழுதி மூடினான். பலகையைப் பார்த்தேன், வெற்றிலை மட்டும் இருந்தது. ஃபில்டர் இல்லை. பின்வாசலுக்கு ஓடினேன்.

குழாயடியில் அம்மா. ஃபில்டரை ஓரத்தில் மட்டும் பிடித்திருந்தாள், இரண்டு விரலால். தேய்க்கவில்லை. தண்ணீரைச் சிறு தாரையாக விட்டு, சந்தனம் தானாகக் கரைந்து போகும்வரை காத்திருந்தாள். பிறகு என் மெல்லிய துணி ஒன்றை எடுத்தாள். கவரோடு கொண்டு வந்து வைத்திருந்தாள்.

"மொதல்ல தண்ணி. பொறவுதான் துணி. நடுவுல இருந்து வெளிய. செரிதானே?"

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. ஜன்னலோரம் நான் உட்கார்ந்து துடைக்கும் போதெல்லாம் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ரசம் கலக்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"செரிதான்" என்றேன்.

திருகி மாட்டினேன். ஓரத்து மரையில் குங்குமம் மெல்லிய சிவப்புக் கோடாக ஒட்டியிருக்கிறது, போகவில்லை. படத்தில் விழாது. இருக்கட்டும்.

கேமராவைக் காய்கறிப் பைக்குள் வைக்கப் போனேன். அம்மா பையைப் பிடித்து இழுத்தாள்.

"மூடி போட்டிருக்குல்லா? பொறவென்ன. கழுத்துல போட்டுட்டு போ."

அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான், மறுபடியும் பேப்பருக்குள் போனான். நான் படி இறங்கும்போது மேலவீட்டு அத்தை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். என் கழுத்தைப் பார்த்தாள்.

"வேணி காலங்காத்தால எங்க? டவுனுக்கா?"

வழக்கம் போல நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். பின்னால் அம்மாவின் குரல், தெருவுக்கே கேட்கிற மாதிரி:

"டவுனுக்கு இல்ல மைனி. கடலுக்கு. வேலைக்கு போறா."